மடுவில் கடல் இல்லை

குலசேகரம் "பாப்பம்" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவரிடம் பேச ஆளில்லை. விருந்துக்கு அழைத்தவரிடம் சொன்னால் வரமாட்டார் என்று அர்த்தம். கோயில் நிர்வாகத்தில் சேரச் சொல்லிக் கேட்டவர்களிடம் சொன்னால் இன்னும் இரண்டு தரம் கெஞ்சுங்கள் என்று அர்த்தம். மகனுடைய கலியாணம் பேசப் போனவர்களிடம் சொன்னால் என்ன அர்த்தம் என்பதுதான் கத்தரினுக்கு மாசி மாதத்திலிருந்து பிடிபடவில்லை.

கலியாணம் பேசப் போனது என்று சொல்வதுகூடச் சரியில்லை. பிள்ளைகள் இருவரும் தாங்களே பேசி முடித்துவிட்டுத்தான் பெற்றோருக்குச் சொன்னார்கள். கத்தரினின் ஒரே மகள் அனோஜினி மருந்துக்கடையில் பாமசிஸ்ட். குலசேகரத்தின் மகன் சுஜீத்துக்குக் கணினி வேலை. ஒரு பகுதி கத்தோலிக்கம், மற்றப் பகுதி சைவம். அதில்தான் இழுபறி வரும் என்று எல்லாரும் பயந்திருந்தார்கள். சேர்ச்சில் ஒரு தரம், விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் ஒரு தரம் என்று பிள்ளைகள் சொன்னதும், "சாமி விசயத்தில நான் சண்டை பிடிக்கிறேல்லை" என்று குலசேகரமே அதை முடித்துவைத்தார். சுஜீத்தின் தாய் பாலாம்பிகை ஏற்கெனவே கத்தரினின் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் நெருங்கி உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் குலசேகரம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மிக மரியாதையாக, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மிஸ்டர் கிறிஸ்துராஜா, நீங்கள் மன்னாரில எந்தப் பக்கம்?"

லண்டனில் எத்தனை வருடம் இருந்தாலும் இந்தக் கேள்விக்கு வயது போவதில்லை. கேட்பவர் இடத்தைத்தான் கேட்பார். சாதியைக் கேட்கிறார் என்பது கேட்கப்படுபவருக்குத் தெரியும். கத்தரினின் கணவர் கிறிஸ்துராஜா பேசாலையில் பிறந்தவர். பேசாலை என்றால் கடல். தகப்பன், தகப்பனுடைய தகப்பன், தாய்மாமன்மார் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். அவரும் இளந்தாரியாகும்வரை போனவர். இந்த வீட்டிலோ பேச்செல்லாம் உடுவிலில் இருந்த காணி, வயல், ஐயா கட்டின கேணி என்று போய்க்கொண்டிருந்தது. தாங்கள் வேளாளர் என்று அவர்கள் வாயால் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கிறிஸ்துராஜா வாயைத் திறக்குமுன் கத்தரின் முந்திக்கொண்டாள்.

"மடுப் பக்கம்."

மடுமாதா கோயில் இருக்கிற இடத்தைத் தெரியாத இலங்கைத் தமிழர் இல்லை. நாலு பக்கமும் காடு. கடலின் வாசனைகூட அங்கே வராது. குலசேகரம் அவளை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். "ஓ, மடுவோ" என்றார். பிறகு கோப்பையை எடுத்து மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு, "பாப்பம்" என்றார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கிறிஸ்துராஜா வெடித்தார்.

"மடுவில ஆரப்பா இருக்கினம்? மாதாவும் குரங்குகளும்தான். அதில நான் ஆர்?"

"மாதா இல்லை எண்டது மட்டும் தெரியும்" என்றாள் கத்தரின்.

அவருக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. மோர்டனில் வீட்டுக்குள் நுழைந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும், "எண்டாலும் கத்தரின், என்ர அப்பாவைக் காட்டுக்குள்ள கொண்டுபோய் விட்டிட்டீர்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். அந்தப் பேச்சு அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது.

சுஜீத் நல்ல பிள்ளை. தகப்பன் முழு மனதோடு முன்னுக்கு நின்றால்தான் தாலி கட்டுவேன் என்று சொல்லிவிட்டான். அனோஜினியும் அதுதான் நியாயம் என்றாள். அதனால் எல்லாம் அந்த ஒரு மனிதரின் ஒரு சொல்லில் தொங்கியது. பங்குனி வந்தது, சித்திரை வந்தது. கேட்கும்போதெல்லாம் குலசேகரம் மறுக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை.

மே மாதத்தில் அனோஜினி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பாவையும் சுஜீத்தின்ர அப்பாவையும் ஒரு நாள் சேர்த்து வெளியில அனுப்பப் போறம். ரெண்டு பேரும் பழகோணும் எல்லோ. சுஜீத்தோட யூனியில படிச்ச சாருஜா இருக்கிறா, கைட். ஆத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் எல்லாம் சொல்லித் தருவா. நீங்களும் அன்ரியும் கரையில இருந்து பாருங்கோ."

"என்னத்தைச் சொல்லித் தருவா?"

"ஃபிஷிங்."

கத்தரின் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனம்மா? அப்பாவுக்கு விருப்பம்தானே?"

"விருப்பம்தான் பிள்ளை. அதுதான் பிரச்சினை."

மகளுக்கு அது விளங்கவில்லை. தகப்பனின் ஊர் பேசாலை என்று அனோஜினிக்குத் தெரியும். அது ஒரு விலாசம், அவ்வளவுதான். தாய் அந்த விலாசத்தை மாற்றிச் சொன்ன அன்றைக்கு அவளும் சுஜீத்தும் அடுப்படியில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை, மரக்கறி ரோல்ஸைப் பெட்டியில் அடுக்கியபடி கத்தரின் கணவருக்குப் புத்தி சொன்னாள். "இஞ்சாருங்கோ, அங்க ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி நில்லுங்கோ."

"எனக்கு உண்மையாவே ஒண்டும் தெரியாது. இது ஈயைக் கட்டி எறிஞ்சு பிடிக்கிறதாம். ஈயால மீன் பிடிச்சவனை எங்கட ஊரில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பினம்."

"அந்த முகத்தோடயே நில்லுங்கோ. நல்லா இருக்கு."

பல வருடங்கள் கழித்து, கிறிஸ்துராஜா இந்த உலகத்தை விட்டுப் போனபிறகு, கத்தரினின் மனம் தன்பாட்டில் போய் நிற்கிற நாள் இந்தச் சனிக்கிழமைதான். தங்கள் கலியாண நாள் அல்ல, ஆஸ்பத்திரி நாட்களும் அல்ல. ஏன் என்று அவள் யோசித்ததுண்டு. காலையில் பயந்தபடி வீட்டை விட்டுப் போய், பின்னேரம் வயிறு நோகச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்த நாட்கள் ஒரு வாழ்க்கையில் அப்படி அதிகம் வருவதில்லை.

வான்டில் ஆறு கோலியர்ஸ் வுட்டில் சுப்பர்மார்க்கெட்டின் முதுகுப் பக்கமாக ஓடுகிறது. முன்னால் கார்கள் நெருக்கியடிக்கும். பின்னால் ஒரு வேலியைத் தாண்டினால் வேறு நாடு. வில்லோ மரங்கள் தண்ணீரில் தலை வைத்துக் கிடக்கும். கண்ணாடி போன்ற நீரில் நீண்ட பச்சைப் பாசி சீவிவிட்ட கூந்தல் மாதிரி அசையும். ஒரு காலத்தில் ஆலைக் கழிவால் செத்துப்போன ஆறு என்றும், ஊர்ச் சனம் இறங்கிக் குப்பை அள்ளித் துப்புரவாக்கியபிறகு ட்ரவுட் மீன் திரும்பி வந்திருக்கிறது என்றும் சாருஜா சொன்னாள். குப்பை முழுவதும் போய்விடவில்லை. வளைவுக்கு அருகே ஒரு சுப்பர்மார்க்கெட் ட்ரொலி சில்லுகள் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது.

சாருஜாவுக்கு முப்பது வயதிருக்கும். கட்டையாக வெட்டிய முடி, தொப்பி, பொக்கற்றுகளே துணியான ஒரு மேல்சட்டை. "வணக்கம் அங்கிள், வணக்கம் அன்ரி" என்று நால்வருக்கும் கைகூப்பினாள். குலசேகரம் கவுன்சிலில் வீதிப் பகுதி எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். அன்றைக்கும் மடிப்புக் குலையாத சேர்ட்டோடுதான் வந்திருந்தார். அவர் உடனே தொடங்கினார்.

"பிள்ளை எந்த ஊர்?"

"குரொய்டன், அங்கிள்."

"அதில்லை. அம்மா அப்பா எந்தப் பக்கம்?"

"அவையும் குரொய்டன்தான். இப்ப பேர்லிப் பக்கம் மூவ் பண்ணிட்டினம்."

"அதுக்கு முந்தி?"

சாருஜா உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "மிச்சம்." அதுவும் லண்டனின் ஒரு மூலைதான்.

பாலாம்பிகை வாயைப் பொத்திக்கொண்டாள். "காணும் அப்பா, பிள்ளையை விடுங்கோ. இனி பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லுவீங்கள் போல." கத்தரினும் சிரித்தாள், ஆனால் அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இருவருக்கும் மார்புவரை ஏறுகிற ரப்பர் காற்சட்டை கொடுக்கப்பட்டது. காலடியில் சப்பாத்தும் அதோடு ஒட்டியே இருந்தது. மடிப்புச் சேர்ட்டுக்கு மேல் அதை மாட்டி நின்ற குலசேகரத்தைப் பார்த்து, "கலியாண வீட்டுக்கு இதையே போட்டுக்கொண்டு வாங்கோ" என்றாள் பாலாம்பிகை. எந்தக் கலியாணம் என்று அவர் கேட்கவில்லை.

முதலில் புல்தரையில் பயிற்சி. இந்தத் தூண்டிலில் ஈயக் கட்டி கிடையாது. நூலும் மெல்லிய நூல் அல்ல, பாரமான ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் பாரத்தை எறிந்தால், நுனியில் இறகால் கட்டிய பொய் ஈ அதன் பின்னால் போய்த் தண்ணீரில் மெதுவாக இறங்கும். தடியைப் பின்னால் கொண்டுபோய், நிறுத்தி, கயிறு நீளும்வரை பொறுத்து, முன்னால் கொண்டுவந்து மறுபடியும் நிறுத்த வேண்டும். மணிக்கூட்டில் பத்துக்கும் இரண்டுக்கும் நடுவிலேயே கை அசைய வேண்டும் என்றாள் சாருஜா.

குலசேகரம் அதை ஒரு பொறியியல் விதியாக எடுத்துக்கொண்டார். "பத்து, இரண்டு, பத்து, இரண்டு" என்று உதட்டுக்குள் சொல்லியபடி எறிந்தார். பரவாயில்லாமல் போனது. கிறிஸ்துராஜா மனைவி சொன்னபடியே எறிந்தார். கயிறு முழுவதும் அவருடைய காலடியிலேயே நூடில்ஸ் மாதிரி குவிந்தது.

"அங்கிள், நீங்க ட்ரை பண்ணவே இல்லை" என்றாள் சாருஜா.

"ஏலாது பிள்ளை. வயது போட்டுது."

கரையில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்திருந்த கத்தரின் திருப்தியோடு தேநீர் ஊற்றினாள்.

பிடிக்கிற மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று சாருஜா சொன்னபோது இருவருக்குமே அது பிடிக்கவில்லை. கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடவேண்டும், காய்ந்த கை அதன் தோலுக்குத் தீ மாதிரி. தண்ணீருக்கு வெளியே வைத்திருக்கக் கூடாது. கொக்கியில் எதிர்முள் இல்லாததால் இலேசாகக் கழன்றுவிடும்.

"விடுறதுக்கெண்டா ஏன் பிடிக்கிறது?" என்று கேட்டார் குலசேகரம்.

"ஹலோ சொல்லத்தான், அங்கிள். சாப்பாட்டுக்கு வேணுமெண்டா ஆடி மாதம் கடலுக்கு வாங்கோ, பாஸ் பிடிப்பம். வெள்ளிக் கலர், பெரிய வாய், முதுகில முள்ளு நிமிர்ந்து நிக்கும்…"

"கொடுவா மாதிரி" என்றார் கிறிஸ்துராஜா.

கத்தரினுக்குத் தேநீர் புரையேறியது. அவள் இருமிய இருமலில் இரண்டு வாத்துகள் எழும்பிப் பறந்தன. குலசேகரம் கிறிஸ்துராஜாவைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் "பத்து, இரண்டு" என்று தொடங்கினார்.

ஆற்றில் இறங்கியபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. எதிர்க்கரையில் வில்லோ நிழலுக்குள் ஒரு மீன் ஈ தின்றுகொண்டிருந்தது. அதன் வாய் தெரியாது. சின்ன வட்டம் ஒன்று தண்ணீரில் விரியும், மறையும், சிறிது நேரத்தில் அதே இடத்தில் மறுபடியும் விரியும். சாருஜா குரலைத் தாழ்த்தி அதைக் காட்டினாள். குலசேகரம் எறிந்தார். ஒரு தரம் மரத்தில் மாட்டியது, ஒரு தரம் தன் தொப்பியிலேயே மாட்டியது. சாருஜா சலிக்காமல் கழற்றிக் கழற்றிக் கொடுத்தாள். கடைசியில் அவருடைய ஈ மீனுக்கு எட்டாத இடத்தில் விழுந்து ஆற்றோடு போய்க்கொண்டிருக்க, அவர் அதை அப்படியே விட்டுவிட்டு நின்றார்.

"இப்ப நீங்க, அங்கிள்" என்றாள் சாருஜா கிறிஸ்துராஜாவிடம். "தடியை மறந்திடுங்கோ. மீனைப் பார்த்து எறியுங்கோ."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

வட்டம் விரிந்தது. கத்தரின் கணவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகு மாறுவதை அவள் கண்டாள். வளைந்திருந்தது நிமிர்ந்தது. கால்கள் அகன்று மணலைத் தேடிப் பதிந்தன. கயிற்றை அவர் இழுத்து இழுத்து முழங்கையில் சுருளாகப் போட்டுக்கொண்டார். பிறகு அதன் ஒரு மடிப்பைப் பல்லில் கடித்தார். "ஐயோ" என்று கத்தரின் எழுந்தாள். அவர் இடுப்பை ஒரு பக்கம் முறுக்கி, உடம்பு முழுவதையும் சுழற்றி, இரண்டு கைகளையும் விரித்து எறிந்தார்.

வலை வீசுகிறவன் விடவேண்டிய இடத்தில் விட்டுவிடுவான். கிறிஸ்துராஜாவின் கைகளும் விட்டன. தடி காற்றில் பம்பரமாகச் சுழன்று போய் நடு ஆற்றில் தட்டையாக விழுந்தது. கயிறு மட்டும் இன்னும் அவருடைய பல்லுக்கிடையில் இருந்தது. தடியை ஆறு கொண்டுபோக, மறுமுனையில் அவர் கடித்தபடி நின்றார்.

"அங்கிள், வாய்! வாயைத் திறவுங்கோ! எலி மூத்திரம் இருக்கிற தண்ணி!" என்று கத்தினாள் சாருஜா.

அவர் வாயைத் திறந்தார். கயிறு போய்விட்டது. தடி உருண்டு உருண்டு வளைவைத் தாண்ட, "என்ர ரொட்!" என்று அலறிக்கொண்டு சாருஜா தண்ணீரை அடித்தபடி அதன் பின்னால் ஓடினாள். அது ட்ரொலிக்குள் சிக்கியதாகப் பிறகு சொன்னாள்.

பாலாம்பிகை சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கத்தரினைப் பார்த்தாள்.

குலசேகரம்தான் முதலில் பேசினார். சத்தம் போடவில்லை.

"மடுவில கடல் எப்ப வந்தது, மிஸ்டர் கிறிஸ்துராஜா?"

கிறிஸ்துராஜா கையால் வாயைத் துடைத்தார். கரையில் நின்ற மனைவியை ஒரு தரம் பார்த்தார். பிறகு நேராகத் திரும்பினார்.

"பேசாலை. அப்பா கடலுக்குப் போனவர். நானும் போனனான்."

"தெரியும்."

"என்னெண்டு?"

"நான் இஞ்ச வாறதுக்கு முன்னம் மன்னாரில, கட்டுக்கரைக் குளத்தில நீர்ப்பாசனத்தில வேலை செய்தனான். மடு ரோட்டில இருந்த வீடெல்லாம் எனக்குத் தெரியும். உங்கட மிஸிஸ் மடு எண்ட உடனேயே விளங்கிட்டுது, கடலைத்தான் மறைக்கிறா எண்டு. பொய் சொல்லுற குடும்பம் எண்டு யோசிச்சன். அதுதான் பாப்பம் எண்டனான்."

கத்தரின் சப்பாத்தோடேயே தண்ணீர் ஓரத்துக்கு இறங்கி வந்துவிட்டாள்.

"பொய் சொன்னது நான். இவரில்லை. நீங்கள் ஊரைக் கேட்டனீங்களோ, வேற என்னவும் கேட்டனீங்களோ? கேக்கிற உங்களுக்கு அது ஒரு கேள்வி. பதில் சொல்லுற ஆக்களுக்குத்தான் தெரியும் அது என்ன கேள்வியெண்டு." அவள் நிறுத்தவில்லை. "சரி, நான் அண்டைக்குப் பேசாலையெண்டு சொல்லியிருந்தா? பாப்பம் எண்டிருக்க மாட்டீங்களோ?"

குலசேகரம் தடியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். பாலாம்பிகை தன் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்தால் விடமாட்டேன் என்பது போன்ற ஒரு பார்வை.

"தெரியேல்லை" என்றார் அவர் கடைசியில். "சொல்லியிருக்க மாட்டன் எண்டு இப்ப சொல்ல ஏலும். ஆனா அது சரியோ எண்டு எனக்குத் தெரியேல்லை."

கத்தரின் இப்படி ஒரு பதிலை எதிர்பார்த்திருக்கவில்லை. எல்லாம் போச்சு, மகளுக்கு என்ன சொல்லுவேன் என்றுதான் அந்தக் கணத்தில் நினைத்தாள்.

அப்போது குலசேகரத்தின் கையிலிருந்த தடி வில்லாக வளைந்தது.

எல்லாரும் மறந்துபோயிருந்த அந்த ஈயை எங்கேயோ கீழே ஒரு மீன் எடுத்திருந்தது. "இழுக்குது! இழுக்குது!" என்று கத்தினார் குலசேகரம். தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் போனார். சாருஜாவைக் காணவில்லை.

"இழுக்காதேங்கோ!" கிறிஸ்துராஜா இரண்டு எட்டில் அவரிடம் போய்விட்டார். "ஓட விடுங்கோ, அறுத்துப்போடும். விடுங்கோ, விடுங்கோ… இப்ப நிக்குது. இப்ப எடுங்கோ. மெல்ல. மெல்ல மனிசா!"

குலசேகரத்தை யாரும் மனிசா என்று கூப்பிட்டுக் கத்தரின் கேட்டதில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. சொன்னபடி எடுத்தார். மீன் இரண்டு தரம் ஓடியது, ஒரு தரம் பாசிக்குள் போய்ப் படுத்தது, பிறகு வந்தது. முழங்கை நீளம். மண்ணிறம், பக்கமெல்லாம் சிவப்புப் பொட்டு.

"பிடியுங்கோ" என்றார் கிறிஸ்துராஜா.

"கடிக்குமோ?"

"என்ன?"

"நான் உயிர் மீனைத் தொட்டதில்லை." வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் மீன் தின்கிற மனிதர் அதை அவ்வளவு வெட்கத்தோடு சொன்னார்.

"இவர் துண்டு மீனைத்தான் கண்டவர்" என்று கரையிலிருந்து சத்தம் போட்டாள் பாலாம்பிகை. "அதிலயும் முள்ளு எடுத்துக் குடுக்கோணும்!"

"கையை நனையுங்கோ முதல்" என்றார் குலசேகரம் கிறிஸ்துராஜாவுக்கு. "சாருஜா சொன்னவா எல்லோ. காய்ஞ்ச கை தீ மாதிரி."

"உது நனைஞ்சுதான் இருக்கு. நீங்கள் வாலைப் பிடியுங்கோ. நான் வயித்தைத் தாங்கிறன்."

நான்கு கைகள் ஒரே மீனில் இருந்தன. கொக்கியைக் கிறிஸ்துராஜா விரல் நுனியால் எடுத்துவிட்டார். பிறகு, விதி எல்லாவற்றையும் மறந்து, மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, "இஞ்சார் கத்தரின், பாரும்!" என்றார். மகள் பிறந்தபோது தாதி கொண்டுவந்து கொடுத்த துணிப் பொட்டலத்தை எப்படித் தூக்கிக் காட்டினாரோ, அதே முகம். கத்தரின் இன்று கண்ணை மூடினால் வருகிற முகமும் இதுதான்.

"வையுங்கோ, தண்ணிக்குள்ள வையுங்கோ! மூச்சு முட்டப்போகுது!" என்று பதறினார் குலசேகரம்.

"நல்ல மீன் ஐயா. இதை விடவோ?"

"விடத்தான் வேணும்."

"ஒரு பிரட்டல் போட்டா…"

"மிஸ்டர் கிறிஸ்துராஜா!"

மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து இருவரும் குனிந்து நின்றார்கள். செவுள் திறந்து மூடியது. வால் ஒரு தரம் அசைந்தது. பிறகு கைக்குள் ஒன்றும் இல்லை. கிறிஸ்துராஜா வெறும் உள்ளங்கைகளைத் தண்ணீருக்குள்ளேயே விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ர கையால மீனைக் கடலுக்கு… ஆத்துக்கு விட்டது இண்டைக்குத்தான்" என்றார். "அப்பா கண்டிருந்தா வெட்டிப்போட்டிருப்பார்."

குலசேகரம் சிரித்தார். சத்தமாக, தோள் குலுங்க. முப்பத்தைந்து வருடத்தில் தானே இதை நாலைந்து தரம்தான் கேட்டிருப்பதாகப் பாலாம்பிகை பிறகு சொன்னாள். நனைந்த தடியையும் அதில் சுற்றிய பாசியையும் தூக்கிக்கொண்டு வளைவால் வந்த சாருஜா, தான் வருமுன் மீனை விட்டுவிட்டதற்காக இரண்டு பேரையும் ஏசினாள். "ஃபோட்டோவும் இல்லையா? சீரியஸா, அங்கிள்?" மீனின் நீளத்தைக் கிறிஸ்துராஜா கைகளை விரித்துக் காட்டினார். "கொஞ்சம் குறையுங்கோ" என்றார் குலசேகரம்.

ஆனால் கலியாணம் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. அதற்குப் பிறகும் எறிந்தார்கள், ஒன்றும் படவில்லை. ரோல்ஸ் சாப்பிட்டார்கள். குலசேகரம் கறியில் மிளகு நல்லாயிருக்கிறது என்றார். அவருடைய முகத்தில் கத்தரின் தேடியது எதுவும் எழுதியிருக்கவில்லை. அவள் மனதுக்குள் செபமாலையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் குழம்பினாள்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்து ரப்பர் காற்சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. குலசேகரத்துக்கு அது இலேசாக வந்துவிட்டது. கிறிஸ்துராஜாவுக்கு வரவில்லை. லண்டனில் தபால்காரராகப் பல வருடம் பையோடு நடந்த கால். முழங்கால் மடங்க மறுத்தது. கார் டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்து அவர் இழுத்துப் பார்த்தார். கத்தரின் போகுமுன் குலசேகரம் போய் அவருக்கு முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவருடைய குதிக்காலைப் பிடித்தார்.

"ஐயோ வேண்டாம். நீங்கள் விடுங்கோ, நானே…"

"பேசாம இருங்கோ. காலை நீட்டுங்கோ."

"நீங்கள் என்ர காலை…"

"நீட்டுங்கோ எண்டு சொல்லுறனெல்லே!"

பாலாம்பிகை கத்தரினின் முழங்கையை இறுகப் பிடித்தாள். குலசேகரம் மூச்சுப் பிடித்து இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். சப்பாத்து திடீரென்று கழன்று வர, அவர் அதோடு பின்பக்கமாகத் தார்த் தரையில் விழுந்தார். அவர் எழும்பவில்லை. அந்தச் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு, இருந்த இருப்பிலேயே, கத்தரினைப் பார்த்துக் கேட்டார்.

"உங்கட ஆக்கள் தாலியில என்ன போடுறவை? சிலுவையோ?"

கத்தரினுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"புறாவும் போடுறது, பரிசுத்த ஆவி எண்டு" என்றாள். "நிறையப் பேர் புறாதான்."

"புறாவெண்டா பறவாயில்லை" என்றார் குலசேகரம். "கொடியில கோக்க வடிவாயிருக்கும். சிலுவைக்கு மூலை கூடிப்போச்சு, சட்டையில மாட்டும்." ஒரு எஞ்சினியருக்கு உரிய முகத்தோடு அதை இன்னும் சற்று யோசித்தார். "ரூட்டிங்கில எனக்குத் தெரிஞ்ச நகைக்கடை ஒண்டு இருக்கு. நாலு பேருமாப் போவம்."

பாலாம்பிகை அழத் தொடங்கிவிட்டாள். கத்தரின் அவளைப் பிடித்துக்கொண்டாள், அல்லது அவள் கத்தரினைப் பிடித்துக்கொண்டாள். சாருஜா என்ன நடந்ததென்று தெரியாமல், யாருக்காவது அடிபட்டுவிட்டதோ என்று முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தாள்.

டிக்கியில் ஒரு கால் வெறுங்காலாகவும் மற்றக் கால் ரப்பருக்குள்ளுமாக உட்கார்ந்திருந்த கிறிஸ்துராஜா எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதெல்லாம் சரி" என்றார். "மற்றக் காலை ஆர் கழட்டுறது?"